கல்லாப்பெட்டி காலியானபோது உடம்பு பட்ட பாடு!

கொரோனா போய்விட்டது என்கிறீர்களா? சரிதான். உலக சுகாதார நிறுவனமே 2023 மே 5-ம் தேதி, 'இனி இது உலக அவசர நிலை இல்லை' என்று அறிவித்துவிட்டது. ஆனால், என் வைத்தியசாலை பெஞ்சில் வந்து உட்காருகிற சிறு கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். "அந்த ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் இது பழைய உடம்பு இல்ல டாக்டர்" என்பார்கள். டீக்கடை, மளிகைக்கடை, தையல்கடை, பூக்கடை... யாராக இருந்தாலும் இதே பல்லவிதான்!

நோய் வந்து பிழைத்தவர்கள் இப்படிச் சொன்னால் ஆச்சரியமில்லை. கொரோனாவே வராதவர்களும் சொல்கிறார்களே, அது ஏன்?

2020 மார்ச் 24-ம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. மளிகை, காய்கறிக் கடைகளை மட்டும் குறிப்பிட்ட நேரத்துக்குத் திறக்கலாம். மார்ச் கடைசியில் மதியம் 2.30 வரை என்றார்கள். ஏப்ரல் 5 முதல் அதுவும் 1 மணியாகச் சுருங்கியது. டீக்கடைக்கோ பூட்டு! மே 11-ம் தேதிதான் பார்சல் கொடுக்கவே அனுமதி கிடைத்தது.

ஆக, ஒரே தெருவில் இரண்டு விதமான கடைக்காரர்கள். ஒருவருக்கு நாள் முழுக்க நடக்கிற வியாபாரத்தை ஏழு மணி நேரத்தில் முடிக்கவேண்டிய அவசரம். எதிர்க்கடைக்காரருக்கோ ஈ ஓட்டக்கூட கடை இல்லை. இருவர் உடம்பும் கெட்டது. கெட்ட விதம்தான் வேறு வேறு.

அடக்கினால் ஆபத்து!

சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு பாடம் உண்டு. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் முதலில் மனப்பாடம் செய்தவற்றில் இதுவும் ஒன்று. உடம்பில் இயற்கையாக எழுகிற உந்துதல்களைத்தான் வேகம் என்கிறோம். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது சித்தர்கள் கணக்கு.

இந்தப் பட்டியலை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். கொரோனா காலத்தில் கடைக்காரர்கள் இதில் எதை அடக்காமல் இருந்தார்கள்?

ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி சிறுநீரகக் கல் வலியோடு வந்தார். வலது விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டேன். "காலைல அஞ்சரைக்கு ஒரு டம்ளர் டாக்டர். அப்புறம் கடை சாத்துன பிறகுதான். நடுவுல மாஸ்க்கைக் கழட்டினா வந்துருமோன்னு பயம்லா" என்றார். அது அக்னி நட்சத்திரம். திருநெல்வேலி வெயில். தகரக் கூரைக்குக் கீழே ஏழு மணி நேரம் மூட்டை தூக்கி, வியர்த்து, சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் நின்றால் சிறுநீர் கெட்டிப்பட்டுக் கல் சேராமல் என்ன செய்யும்?

பூக்கட்டி விற்கிற அம்மாவின் கதை வேறு. அவர் வழக்கமாக எதிரே இருக்கும் ஹோட்டலில்தான் ஒதுங்குவார். ஹோட்டல் பூட்டிக் கிடந்தது. கட்டணக் கழிப்பறையும் அடைப்பு. "தண்ணி குடிச்சாத்தானே போகணும்? குடிக்கறதையே விட்டுட்டேன்" என்று சொன்னார். நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, குளிர்காய்ச்சல் என மூன்று தடவை படுத்தார். காய்ச்சல் வந்ததும் பக்கத்து வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொரோனா பரிசோதனையில் ஒன்றுமில்லை. சிறுநீரில்தான் தொற்று!

இருமலை எடுத்துக்கொள்ளுங்கள். கடை வாசலில் யாராவது செருமினால்கூட வரிசையே திரும்பிப் பார்த்த காலம் அது. மிளகாய் வற்றல் நெடியில் மளிகைக்கடைக்காரர் இருமாமல் எப்படி இருப்பார்? அடக்கி அடக்கித் தொண்டை புண்ணானவர்கள் நிறையப் பேர்.

கண்ணீரையும் சித்தர்கள் இந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், கவனித்தீர்களா? நம் ஊர் ஆண்கள் அழமாட்டார்கள். அதுவும் கல்லாவில் உட்கார்ந்தவர் அழுதால் கடனுக்குச் சரக்கு கிடைக்காது! 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்ததாகச் சொல்லி அழைத்துப் போகப்பட்ட அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் இறந்தார்கள். அதன்பிறகு எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கும்போது கை நடுங்கியதை நானே பார்த்திருக்கிறேன். நெஞ்சு படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை என்று வந்தவர்களில் பலருக்கு இ.சி.ஜி. நன்றாகவே இருந்தது.

சும்மா இருந்ததும் நோய்தான்

எதிர்க்கடைக்கு வருவோம். டீ மாஸ்டராக முப்பது வருஷம் நின்றே வாழ்ந்தவர் ஒருவர். அதிகாலை 4 மணிக்குப் பால் காய்ச்சுகிற ஆள், ஊரடங்கில் 9 மணிக்கு எழுந்தார். மத்தியானம் சாப்பிட்டதும் உறக்கம். பகல் தூக்கம் ஐயத்தைக் கூட்டும் என்று எங்கள் நூல்கள் சொல்கின்றன. உடம்பு கனத்தது. ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைத்ததால் மூன்று வேளையும் சோறு. குற்றம் சொல்லவில்லை. காய்கறி வாங்கக் காசில்லாதபோது வேறு என்ன செய்வார்? மூன்றே மாதத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 240!

அதைவிட மோசம், மாத்திரையை நிறுத்திவிட்டார். "வருமானம் இல்லாதப்போ மாத்திரைக்கு எங்க போக? அதான் கசாயம் குடிக்கேன்லா" என்றார்.

கசாயம் கவசமா?

இதைச் சித்த மருத்துவனாகிய நானே சொல்லியாகவேண்டும். 2020-ல் வீதிவீதியாகக் கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள். சுக்கு, திப்பிலி, இலவங்கம், ஆடாதோடை, நிலவேம்பு, சீந்தில் உள்ளிட்ட பதினைந்து சரக்குகள் சேர்ந்த அருமையான மருந்து அது. ஐயசுரத்துக்கு எங்கள் நூல்களில் சொல்லப்பட்டது. ஆனால் அது சர்க்கரை மாத்திரைக்கு மாற்று அல்ல. தடுப்பூசிக்கும் மாற்று அல்ல. கசாயம் குடித்தோமே என்று முகக்கவசத்தைக் கழட்டிப் பையில் போட்டவர்களைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

குடித்த விதமும் தப்பு. ஐந்து கிராம் சூரணத்தை 240 மி.லி. தண்ணீரில் போட்டு 60 மி.லி.யாக வற்றவைத்து வடிகட்ட வேண்டும். குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்றே மணி நேரம். சூரணத்துக்கு மூன்று மாதம். நம் கடைக்காரர்கள் காலையில் காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றி இரவு வரை குடித்தார்கள்! பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்த்து விற்கிற அண்ணாச்சி, ஒரு வருஷத்துப் பழைய சூரணத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். காரமும் கசப்பும் உள்ள சரக்குகளை மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் ஊற்றியதால் அழல் ஏறி வயிற்றெரிச்சல், வாய்ப்புண், சிலருக்கு மூலத்தில் ரத்தம். அவர்களுக்கு நான் கொடுத்த முதல் மருந்து, கசாயத்தை நிறுத்தச் சொன்னதுதான். பிறகு மோரும் மணத்தக்காளிக் கீரையும்.

2021 மே மாதம் இரண்டாவது அலையில் இதன் விலை தெரிந்தது. கட்டுப்படாத சர்க்கரையோடு கொரோனா வந்து, ஸ்டீராய்டும் சேர்ந்தபோது கறுப்புப் பூஞ்சை பலரின் கண்ணைக் கொண்டுபோனது. அந்த டீ மாஸ்டரை அதற்கு முன்பே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மாத்திரையை மறுபடி ஆரம்பிக்க வைத்திருந்தோம். அங்கே சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் இலவசம். ஏப்ரலில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி திறந்துவிட்டதும் போட்டுக்கொண்டார். கொரோனா வந்தது, ஐந்து நாளில் போனது.

கடனும் தூக்கமும்

ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை கட்ட அவகாசம் கொடுத்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. வங்கிப் பக்கமே போகாதவர்களுக்கோ தினவட்டிக்காரர்தான் கதி. 2020 ஜூனில் தொடங்கிய ஸ்வநிதி திட்டத்தில் தெரு வியாபாரிகளுக்கு ஈடில்லாமல் 10,000 ரூபாய் வரை கடன் கிடைத்தது. பூக்கார அம்மா அதை வாங்கித் தினவட்டியை அடைத்தார். அன்றைக்குத்தான் ராத்திரி தூங்கினாராம். நான் கொடுத்த எந்தச் சூரணமும் அதைச் செய்யவில்லை!

இன்றைக்கும் தூக்கம் வராத கடைக்காரர்களுக்குச் சில வழிகள். கணக்கு நோட்டைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். படுக்கையில் செல்போனில் பாக்கி பார்க்கவேண்டாம். இரவுச் சாப்பாடு 8 மணிக்குள். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் காலை வைத்து, பிறகு பாதத்தில் நல்லெண்ணெய் தேயுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் முதலில் கையால் சூடு பார்க்கவேண்டும், ஏனென்றால் உங்கள் பாதத்துக்குச் சூடு தெரியாது. பாலில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள் பலருக்கு உதவும். ஆனால் சிட்டிகைக்கு மேல் போனால் மயக்கமும் படபடப்பும் வரும். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது.

நின்றே வியாபாரம் செய்கிறவர்கள் மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் உட்காருங்கள். தையல்காரர்கள் அதே ஐந்து நிமிடம் எழுந்து நடங்கள். 2020-ல் முகக்கவசம் தைத்தே குடும்பத்தைக் காப்பாற்றிய ஓர் அக்காவுக்குக் கழுத்துவலி இன்னும் தீரவில்லை. மிஷின் ஸ்டூலின் உயரத்தை மாற்றிய பிறகுதான் பாதி குறைந்தது.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானையில் சீரகத் தண்ணீர் இருக்கட்டும். சாயங்காலத்துக்குள் அது காலியாக வேண்டும். வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை, ஒரு வேளை கேழ்வரகுக் கூழ் அல்லது பாசிப்பயறு. செலவு அதிகமில்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு மாத மாத்திரையைக் கூடுதலாக வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா வந்துபோய் வருஷங்கள் ஆனபிறகும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, சின்ன வேலைக்கே அசதியா? 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள். ரத்தச்சோகை, தைராய்டு, இதயம், நுரையீரல் நான்கையும் பரிசோதித்துக்கொண்டு, அந்தச் சீட்டுகளோடு வாருங்கள். அதைப் பார்த்த பிறகுதான் நான் மருந்து எழுதுவேன்.