லைன் வீட்டுக்கு எந்த சோபா?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். சோபா வாங்க ராபர்ட்சன்பேட்டைக்கோ பெங்களூருக்கோ கிளம்புவதற்கு முன் கொஞ்சம் பேசிவிடலாம். பெரிய ஷோரூமில் எந்த சோபாவும் எடுப்பாகத்தான் தெரியும். அதை நம் வீட்டுக் கூடத்தில் போட்டுப் பார்த்தால்தான் சங்கதி புரியும்.

கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். ஆனாலும் சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீடுகளில் ஜனங்கள் இன்னும் இருக்கிறார்கள். வசதிக்கேற்ப முன்னால் ஓர் அறையை இழுத்துக் கட்டிக்கொண்டாலும் இடம் கையகலம்தான். அதனால் முதலில் வாசலை அளந்து பாருங்கள். மூன்று பேர் உட்காரும் சோபா 6 முதல் 7 அடி நீளம், இரண்டரை முதல் 3 அடி ஆழம் இருக்கும். கால்களைக் கழற்ற முடியுமா என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கூடத்துத் தரையில் சாக்பீஸால் அதே அளவுக்குக் கோடு போட்டு, ஒரு நாள் முழுக்க கோட்டை மிதிக்காமல் நடமாடிப் பாருங்கள். குடம் தூக்கிக்கொண்டு போக இரண்டரை அடி வழியாவது மிஞ்ச வேண்டும்.

‘எல்’ வடிவ சோபா மூலையை நன்றாக அடைத்துக்கொள்ளும். ஆனால் போட்டது போட்டபடிதான் கிடக்கும். நல்லது கெட்டதுக்குக் கூடத்தைக் காலி பண்ணுவது பெரும்பாடு. பெங்களூரிலிருந்து பிள்ளைகள் பண்டிகைக்கு வந்து தங்கும் வீட்டுக்கு சோபா கம் பெட் உதவும். அதை விரித்த நிலையில் அளக்க மறக்காதீர்கள். தினமும் யாராவது அதில்தான் படுக்க வேண்டுமென்றால் மடக்குக் கம்பி சீக்கிரம் லொடலொடக்கும். அதற்கு திவான் கட்டிலே மேல்.

இனி மேலுறை. இந்த ஊருக்கென்று ஒரு வில்லங்கம் உண்டு: சயனைடு மேடு. தாதுக்கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு அது. அரைத்த மண் என்பதால் காற்றடித்தால் ஜன்னல் இடுக்கு வழியாகக்கூட உள்ளே வந்துவிடும். வெல்வெட், சொரசொரப்பான துணி எல்லாம் அந்தத் தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரெக்ஸினை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஆனால் மலிவான ரெக்ஸின் சில வருஷத்தில் செதில் செதிலாக உரியும். ஜிப் வைத்த, கழற்றித் துவைக்கிற நெருக்கமான பருத்தி உறைதான் தோது.

வீட்டில் சுரங்கத்தில் உழைத்த தாத்தா இருந்தால் அவரை உட்காரவைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கல்தூசியால் நெஞ்சு கெட்டவர்களுக்குப் புதைகிற தாழ்வான சோபா ஆகாது. எழுந்திருப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். இருக்கை தரையிலிருந்து 17, 18 அங்குல உயரம் இருக்கட்டும். ஊன்றி எழ மரக்கைப்பிடி வேண்டும்.

கடையில் மெத்தையை அமுக்கிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஃபோம் அடர்த்தி என்னவென்று கேளுங்கள். 32, 40 என்று சொல்வார்கள். ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை இத்தனை கிலோ என்று அர்த்தம். இருக்கைக்கு 32-க்குக் குறைந்தால் சீக்கிரம் குழி விழும். அடுத்து, முன்கால் ஒன்றை அரை அடி தூக்குங்கள். அதற்குள் மறு முன்காலும் தரையை விட்டு எழும்பினால் சட்டம் உறுதி. எழும்பாவிட்டால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது, வேண்டாம். அடியில் தைத்திருக்கும் கறுப்புத் துணியின் ஓரத்தை விலக்கிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே தேக்கோ சால் மரமோ இருந்தால் நல்லது. பெட்டி உடைத்த பலகையாக இருந்தால் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

லைன் வீட்டுக்கு நான் சொல்வது: மரச்சட்டத்தில் தனி மெத்தை போட்ட இருவர் சோபா ஒன்று, அதே ஜோடியில் ஒற்றை நாற்காலி இரண்டு. தேவைப்பட்டால் ஒரே ஆள் வெளியே எடுத்துப் போட்டுவிடலாம். காசைச் சட்டத்திலும் ஃபோமிலும் போடுங்கள். உறை கிழிந்தால் தெருமுனை டெய்லர் தைத்துக் கொடுப்பார்; சட்டம் உளுத்தால் சோபாவே போச்சு.