ஆணையோலையும் அலுவலக மொழியும்

அலுவலகங்களிற் பணிபுரிவோர்க்குத் தொடர்புத் திறன் பயிற்றும் வகுப்புக்கள் இக்காலத்துப் பல்கியுள்ளன. அவற்றுட் பெரும்பாலன சொல்லுவானையே நோக்கி நிற்கின்றன. குரலை அமைக்கும் முறை, அவைமுன் அஞ்சாது நிற்கும் முறை என்பனவற்றையே அவை பெரிதும் கற்பிக்கின்றன. இவை வேண்டாதன என்பது நம் கருத்தன்று. ஆயினும், அலுவலகத்தில் ஒரு சொல் பழுதுபடுவது பெரும்பாலும் சொல்லுவான் நாவிலன்று. கேட்பான் செவிக்கும் செய்வான் கைக்கும் இடையிலேயே அது பழுதுபடுகின்றது. இவ்விடைவெளியை அடைத்தற்குத் தமிழ்நாட்டு ஆட்சித் துறையினர் முற்காலத்துக் கையாண்ட முறைகள் சிலவற்றையும், அவற்றோடு இயைத்து நோக்கத்தக்க இலக்கண நெறி ஒன்றனையும் ஈண்டு ஆராய்வாம்.

இலக்கண நெறியை முதற்கண் கூறுவாம். தொல்காப்பியனார் வேற்றுமை மயங்கியலில் தொழிலின் முதனிலைகளை எட்டாக வகுத்துள்ளார். தொழில், அதனைச் செய்பவன், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, இன்னார்க்கு என்பது, இன்ன பயன் என்பது ஆகியன அவை. மாணவர் இதனை வேற்றுமைப் பொருள் உணர்தற்குரிய கருவியாக மட்டும் கற்று அமைகின்றனர். இவ்வெட்டும் எல்லாத் தொடரிலும் வருதல் வேண்டா, வழக்கிற் குறைவன குறையும் என்று ஆசிரியர் அடுத்துக் கூறுவது பெரிதும் எண்ணத்தக்கது. வீட்டில் 'தண்ணீர் கொண்டுவா' என்ற அளவிற் கொணர்பவரும், இடமும், காலமும் தாமே விளங்கும். சொல்லுவோரும் கேட்போரும் ஒருங்கிருத்தலின் என்க. அலுவலகத்திலோ எழுதியவர் ஓரூரிலும் படிப்பவர் வேறோரூரிலும் இருப்பர்; இடையே பத்து நாள் கழிந்திருக்கும். ஆதலின், எட்டனுள் குறையத்தக்கது யாது, குறையத்தகாதது யாது என்னும் வினாவே அலுவலக மொழிக்கு உயிர்நிலையாகின்றது.

இவ்வினாவிற்குச் சோழர் ஆவணங்கள் தெளிவான விடை தருகின்றன. முதல் இராசராசன், தன் 21ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1006 அளவில், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரினைக் கொடுத்தான். அவ்விகாரம் கடாரத்து அரசன் பெயரால் எழுந்த பௌத்தப் பள்ளியாகும். இக்கொடையைக் கூறும் செப்பேடுகள் நெடுங்காலம் ஆலந்து நாட்டு லெய்டன் நகரில் இருந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்றும் வழங்கும். அரசன் ஆணை சொல்லுதலைத் திருவாய் மொழிந்தருளுதல் என்று ஆவணங்கள் கூறும். அச்சொல் அலுவலகத்துள் புகும்போது அதன் பெயர் மாறுகின்றது. திருவாய்க்கேள்வி என்று ஆகின்றது. மொழிதல் என்பது அரசன் பக்கத்துச் சொல். கேள்வி என்பது அதனை ஏற்றவர் பக்கத்துச் சொல். அலுவலகத்தார் பொறுப்பேற்றது தாம் கேட்டதற்கேயன்றோ? இப்பெயர் மாற்றத்தை நாம் தற்செயலாகக் கருதவில்லை.

கேட்ட ஆணையைத் திருமந்திர ஓலை எழுதுவான் எழுதினான். திருமந்திர ஓலைநாயகம் என்னும் மேலோர் அதனை நோக்கி உடன்பட்டனர். அவரும் ஒருவரல்லர், பலர். பின்னர் அது வரிக்கணக்கில் ஏறியது. அதனை ஏற்றிய புரவுவரித் திணைக்களத்தாரும், வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை முதலிய பணிகளைப் பார்த்தோரும் ஊர்ப்பெயரோடு தம் பெயர் விளங்க ஆவணத்தில் நிற்கின்றனர். ஆணை 'எழுதப்பட்டது' என்னும் அளவில் அமையாமல், எழுதியவன் இன்னான், உடன்பட்டவன் இன்னான் என்று வருதலே இவ்வாவணங்களின் இயல்பு. தொழிலின் முதனிலை எட்டனுள் செய்பவனை மட்டும் அவ்வெழுத்தர் எவ்விடத்தும் விட்டிலர் எனலாம்.

இனி, ஓலை பட்டனக் கூற்றத்து நாட்டாரிடம் சென்றது. அவர் எதிர்சென்று தொழுது வாங்கித் தலைமேற் கொண்டனர். இஃது அரசற்குச் செய்த வழிபாடே. அதனைக் கருத்துணர்ந்தமைக்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. அடுத்து அவர் செய்தது வேறு வகையது. பிடியானையை முன்விட்டு ஊரெல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, ஒவ்வோர் எல்லையையும் இன்ன வாய்க்காலுக்கு இத்திசை, இன்ன நிலத்திற்கு இத்திசை என்று விரித்து அறவோலை எழுதினர். யானைமேல் இருந்து எல்லை காட்டியோர் பெயரும் உண்டு. 'ஆனைமங்கலம்' என்று அரண்மனையில் ஒரு சொல்லாய் இருந்ததனை நாட்டார் தம் காலால் நடந்து, தம் மொழியில் மீளச் சொல்லிக் காட்டினர். அரசன் கருதிய நிலமும் அவர் உணர்ந்த நிலமும் ஒன்றா என்பது அவ்வறவோலையைக் கண்ட அளவிற் புலனாகும். வேறுபடின் இழப்பு எழுதியவனுக்கன்று. வாய்க்காலுக்கு அப்பால் உழுதுகொண்டிருந்தவனுக்கே. இராசராசனுக்குப் பின் வந்த இராசேந்திரன் அக்கொடையைச் செப்பேட்டில் நிலைபெறுத்தினான். ஆணையிட்டவன் மறைந்த பின்னரும் பொருள் திரியாமல் நின்றமைக்கு இம்முறையே துணையாயிற்று.

பல கையெழுத்தும் பல ஓலையும் வெறும் காலக்கேடு என்பாரும் உளர். சிறு செய்திக்கெல்லாம் பிடியானை வேண்டுமா என்று அவர் வினவக்கூடும். வேண்டா என்பதே நம் விடை. மீளச் சொல்லுதலுக்கு நெடுங்காலமோ பேரலுவலகமோ வேண்டுவதில்லை என்பதனை உத்தரமேரூர் காட்டுகின்றது. முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, அவ்வூரின் 30 குடும்புக்கும் குடவோலை எடுத்தனர். குடத்தில் உள்ளது அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துத் தருவான். மத்தியஸ்தன் அதனை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கிப் படிப்பான். அவன் படித்த அவ்வோலையை அங்கிருந்த நம்பிமார் அனைவரும் படித்தல் வேண்டும். அதன்பின்னரே அப்பெயரை எழுதுவர். விரித்த கை வஞ்சனையைத் தடுப்பது. பலர் வாய் பிழையைத் தடுப்பது. இரண்டும் வேறுவேறு காவல்கள் என்பதனை அச்சபையார் அறிந்திருந்தனர்.

திருக்குறளில் அமைச்சியல் 64 முதல் 73 வரை பத்து அதிகாரங்களை உடையது. அவற்றுள் குறிப்பறிதலும் அவையறிதலும் முன்னர் நிற்ப, அவையஞ்சாமை ஈற்றில் வருகின்றது. கேட்போரை அறிந்த பின்னரே அஞ்சாமை என்னும் இவ்வைப்பு முறையை, அஞ்சாமையில் தொடங்கும் இக்காலப் பயிற்சியோடு ஒப்பிட்டு நோக்குதல் நன்று.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழியாயிற்று. கலைச்சொற்களை ஆக்குவதில் நாம் காட்டிய ஊக்கத்தைத் தொடரமைப்பிற் காட்டவில்லை என்றே சொல்லவேண்டும். 'உரிய நடவடிக்கை விரைவில் மேற்கொள்ளப்பட வேண்டுமெனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்னும் தொடரை எடுத்துக்கொள்வாம். இதன்கண் சொல் ஒவ்வொன்றும் தமிழே. ஆயினும் மேற்கொள்வார் யாவர்? கேட்டுக்கொள்வார் யாவர்? உரியது யாது? விரைவு எத்துணை நாள்? 'படு' என்னும் துணைவினை இருமுறை வந்து செய்பவரை இருமுறை மறைத்துவிட்டது. இதனைப் பெறும் அலுவலகத்தில் ஒவ்வொருவரும் இப்பணி மற்றொருவர்க்குரியது என்று எண்ணியிருப்பர்; விண்ணப்பித்த முதியவரோ வாயிலில் நிற்பார். 'தங்கள் கண்காணிப்பாளர் இப்பட்டியலில் உள்ள 40 விண்ணப்பங்களையும் சரிபார்த்து, குறையுடையனவற்றை 20ஆம் நாளுக்குள் எமக்கு அனுப்புவாராக' என்று எழுதின் செய்பவர், பொருள், காலம், பெறுவோர் என்னும் நான்கும் வெளிப்படும். கருவியும் இடமும் பயனும் இங்கே குறையினும் இழுக்கில்லை. கண்காணிப்பாளர் தாம் உணர்ந்ததனை ஒரு வரியில் மறுமொழியாக எழுதிவிடின், அதுவே அவர் நடந்து காட்டிய எல்லையாகும். மின்னஞ்சலில் இதற்கு ஒரு நொடி போதும்.

செயப்பாட்டு வினையைப் போன்றே ஆராய்தற்குரியது 'அனுப்பலாம்' முதலிய வாய்பாடு. மேலதிகாரி ஆணையாக எழுதியதனைக் கீழ் நிற்பார் இசைவாகப் படித்து, விருப்பமுடையார் மட்டும் அனுப்ப, ஏனையோர் வாளா இருத்தல் உண்டு. பணிவு கருதி வந்த இவ்வடிவம் ஆணைப் பொருளை எக்காலத்து ஏற்றது என்பதனை, சென்ற நூற்றாண்டின் அரசாணைகளையும் பல்கலைக்கழகச் சுற்றறிக்கைகளையும் ஆண்டுமுறையில் தொகுத்து நோக்கின் துணியலாம். முதுகலை மாணவர் ஒருவர் ஈராண்டில் முடிக்கத்தக்க ஆராய்ச்சி இது.