மலட்டுப் பழி யாருக்கு?

“மலடி” என்ற வசை நமது தெருக்களில் சாதாரணமாகக் காதில் விழுகிறது. “மலடன்” என்ற பதமோ அகராதியோடு நின்றுவிட்டது. பிள்ளையில்லாக் குறை முழுவதையும் ஸ்திரீயின் தலையில் சுமத்திப் பழகிய சமூகத்திற்கு இரண்டாவது பதம் தேவைப்படவில்லை போலும். வைத்திய சாஸ்திரம் கூறுவது வேறு. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் விஷயத்தில் புருஷனிடமுள்ள குறையும் காரணமாக இருக்கிறது.

மயிலாப்பூரிலும், தியாகராய நகரிலும், அடையாற்றிலும் கருத்தரிப்பு மையங்களுக்குப் பஞ்சமில்லை. டாக்டர் கமலா செல்வராஜின் முயற்சியால் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1990-இல் பிறந்ததும் இந்நகரிலேதான். ஆயினும் இன்றும் அரசமரத்தைச் சுற்றுகிறவளும், விரதமிருக்கிறவளும், ஊசிக்குக் கை நீட்டுகிறவளும் பெரும்பாலும் மனைவியே. புருஷன் முதலில் செய்யவேண்டியது ஒரு விந்துப் பரிசோதனை. அதில் வலியில்லை, செலவும் சொற்பம். அதற்கு வர மறுப்பவர், கௌரவத்தைக் காப்பதாக எண்ணி மனைவியின் வயதை வீணாக்குகிறார். ஆண்மை வேறு, விந்தணுக் குறைவு வேறு என்று அறிந்தவர் அஞ்சவேண்டியதில்லை.

குறை தெரிந்துவிட்டால் வழியே இல்லை என்பதுமில்லை. அடைப்புக்கும் நாள வீக்கத்திற்கும் சிகிச்சை உண்டு. ஒரே அணுவை முட்டைக்குள் செலுத்தும் முறையைப் பிரஸ்ஸல்ஸ் நகர வைத்தியர்கள் 1992-இல் வெளியிட்டார்கள். விந்தில் அணுவே காணப்படாத சிலருக்கும் விரையிலிருந்து அணுவை எடுத்து இம்முறையைக் கையாளுகிறார்கள். இவையும் பலிக்காதபோதுதான் பிறர் விந்துத் தானம் என்ற கேள்வி எழுகிறது.

உடனே தர்மம் கெட்டது என்று கூவுவோர் உளர். விசித்திரவீரியன் சந்ததியின்றி மாண்டபின் வியாசரால் குருவம்சம் நீண்ட கதையை நாம் பயபக்தியோடு கேட்கவில்லையா? ஆனால் அக்கதையில் அம்பிகை கண்ணை மூடிக்கொண்டதையும், அம்பாலிகை அச்சத்தால் வெளிறியதையும் மறக்கலாகாது. 1884-இல் பிலடெல்பியாவில் ஒரு வைத்தியர், மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு ஸ்திரீக்கு மாணவர் ஒருவரின் விந்தைச் செலுத்தினார். புருஷனுக்குப் பிறகு சொல்லப்பட்டது; மனைவிக்குச் சொல்லப்படவேயில்லை. தானத்தினால் நேர்ந்த அதர்மமல்ல இது. சம்மதம் கேளாமையே அதர்மம்.

நமது சட்டம் இவ்வநீதிக்கு இடம் வைக்கவில்லை. 2021-இல் நிறைவேறி 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டம், தம்பதிகள் இருவரின் சம்மதத்தையும் எழுத்தில் கேட்கிறது. விந்து கொடுப்பவர் 21 முதல் 55 வயதுக்குட்பட்டவராக இருக்கவேண்டும். தொற்றுநோய்ப் பரிசோதனை கட்டாயம். ஒருவரது தானம் ஒரு தம்பதிக்கு மேல் போகலாகாது. பிறக்கும் குழந்தை அத்தம்பதிகளின் சொந்தக் குழந்தையே; கொடுத்தவருக்குப் பெற்றோர் உரிமை ஏதுமில்லை.

சட்டம் கையெழுத்தைத்தான் கேட்கமுடியும். அக்கையெழுத்து மனமொப்பி இட்டதா, வீட்டாரின் நிர்ப்பந்தத்தால் இட்டதா என்பதைக் குடும்பமே அறியும். மேடைகளில் ஸ்திரீ சமத்துவம் பேசும் தோழர்களுக்கு நாம் கூறுவது இதுவே: பரிசோதனைக்கு மனைவியை மட்டும் அனுப்பாதீர்கள்; நீங்களும் செல்லுங்கள். குறை உங்களுடையதாயின் அதை வீட்டாரிடம் நீங்களே சொல்லுங்கள். தானம் பெறுவதா, தத்தெடுப்பதா, இருவராகவே வாழ்வதா என்பதை அதன்பின் இருவரும் சேர்ந்து தீர்மானியுங்கள்.