உப்போடு சர்க்கரை ஏன் சேர்க்கிறோம்?



ஊறுகாய் போடும் குழுக்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசிறி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணி விட்டிருக்கும். நாம் ஒரு சொட்டு ஊற்றவில்லை. அது மாங்காயின் செல்களுக்குள் இருந்த தண்ணி. (செல் என்றதும் செல்போனை எடுத்துடாதீங்க! செங்கல் செங்கல்லாகச் சுவர் எழும்புவது போல நம்ம உடம்பும் செல்களால் ஆனது.) ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. தண்ணி அதைத் தாண்டிவிடும், உப்பு லேசில் தாண்டாது. எந்தப் பக்கம் உப்போ சர்க்கரையோ அதிகமோ, அந்தப் பக்கம் தண்ணி இழுபடும்.

குழந்தைக்கு பேதியாகும்போது வெறும் தண்ணி கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. குடல் செல்லின் சவ்வில் ஒரு வாசல் உண்டு. உப்பில் உள்ள சோடியமும், சர்க்கரையில் உள்ள குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் அது திறக்கும். இரண்டும் உள்ளே போனால் பின்னாடியே தண்ணியும் போகும். காலராவில்கூட இந்த வாசல் அடைபடுவதில்லை. 1960ல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இதை எடுத்துச் சொன்னார்.

1971ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தில் போங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மகலநபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரங்க கையாலேயே குடிக்கக் கொடுக்க வைத்தார். 100க்கு 30 பேர் வரை இறந்த இடத்தில் சாவு 4க்கும் கீழே இறங்கியது.

இனி அளவு. கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். எல்லாம் தலை தட்டி. கைக்கணக்கு வேண்டவே வேண்டாம். சர்க்கரை கூடினால் குடலுக்குள்ளும் மாங்காய் கதைதான். உடம்புத் தண்ணி குடலுக்குள் இழுபட்டு பேதி கூடும். கூல்டிரிங்ஸ் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான். உப்பு கூடினால் இன்னும் ஆபத்து.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அதுவே மேல். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்க. பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் தட்டிக் கலக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கு. அப்படிச் செய்தால் அளவு தப்பிவிடும். அதில் போட்டிருக்கும் தண்ணீர் அளவில் முழுசாகக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் கொடுத்து, மிச்சத்தைக் கொட்டிடணும். தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. நர்ஸம்மா தரும் ஜிங்க் மாத்திரையை பேதி நின்றாலும் சொன்ன நாள் வரை கொடுங்க.

கண் குழி விழுந்தாலோ, குடிக்க முடியாமல் துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே 108க்கு போன் போடுங்க. வண்டி வரும்வரை, குழந்தை விழுங்குகிற நிலையில் இருந்தால் ஸ்பூன் ஸ்பூனாகக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே இருங்க.