நான்கு விளக்குகள் சொல்லும் செய்தி

விமானச் சத்தம் என்றாலே எம்மில் பலருக்கு இன்றும் நெஞ்சு படபடக்கும். ஆனாலும் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய தாய், “சுகமாக இறங்கிவிட்டேன்” என்ற தகவல் வரும்வரை உறங்குவதில்லை. அந்த இறங்குதலுக்குத் துணைநிற்கும் ஓர் எளிய சாதனத்தைப் பற்றி அறிந்துகொள்வோம்.

ஓடுபாதையின் ஓரமாக, பெரும்பாலும் இடப்பக்கத்தில், 4 விளக்குப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். சுருக்கமாகப் ‘பாப்பி’ என்பார்கள். 1970களில் பிரித்தானியாவில் உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் வரும் ஒளியின் மேற்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி சிவப்பு. நான்கும் சற்றே வேறுபட்ட சரிவுகளில் பொருத்தப்பட்டிருக்கும். வழக்கமான 3 பாகைச் சரிவில் இறங்கும் விமானிக்கு இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரியும். நான்கும் வெள்ளையென்றால் உயரம் அதிகம். தாழத் தாழ, ஓடுபாதைக்குக் கிட்டவுள்ள பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகச் சிவக்கும். நான்குமே சிவந்தால் ஆபத்து. உண்மையில் விளக்குகள் நிறம் மாறுவதில்லை. பார்ப்பவர் நிற்கும் உயரமே மாறுகிறது.

ஆனால் விளக்கால் காட்டத்தான் முடியும். 2013 யூலை 6ஆம் திகதி அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில், கட்டுமான வேலை காரணமாக, இறங்கும் சரிவை அறிவிக்கும் வானொலிக் கருவி நிறுத்தப்பட்டிருந்தது. நல்ல பகல் வெளிச்சம். பாப்பி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தென்கொரியாவின் ஆசியானா விமானம் வேகம் குறைந்து தாழ்ந்துகொண்டே வந்தது. நான்கும் சிவந்தன. விமானிகள் மீண்டும் மேலெழ முயன்றபோது காலம் கடந்திருந்தது. விமானத்தின் பின்பகுதி கடலோரத் தடுப்புச்சுவரில் மோதியது. அதிலிருந்த 307 பேரில் 3 பேர் உயிரிழந்தனர். மூவரும் கோடை விடுமுறை முகாமுக்காகச் சீனாவிலிருந்து புறப்பட்டு வந்த பாடசாலை மாணவிகள்.