வீட்டு ஒலியமைப்பில் எண்ணிம ஒலித்தரம்

எண்ணிம ஒலித்தரம் என்பது, எண்களாகப் பதிந்து வைக்கப்பட்ட இசை மீண்டும் காற்றதிர்வாக வெளிப்படும்போது மூலப் பதிவை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைக் குறிக்கும். வீட்டு ஸ்டீரியோ அமைப்பில் குறுந்தட்டு இயக்கி அல்லது கணினி, எண்ணிமத்தை மின்னலையாக்கும் மாற்றி, ஆம்ப்ளிபயர் எனப்படும் பெருக்கி, இரண்டு ஒலிபெருக்கிகள் ஆகியன ஒரு சங்கிலியாக அமைகின்றன. கேட்கும் அறையும் இச்சங்கிலியின் ஒரு கண்ணியே. தரத்தை உயர்த்த விரும்புவோர் பலர் சங்கிலியின் தொடக்கத்தில் பணம் செலவிடுகின்றனர். குறைகள் மிகுந்திருப்பதோ அதன் முடிவில்.

எண்களின் எல்லை

குறுந்தட்டு 1982 அக்டோபரில் சப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் ஒவ்வொரு தடத்திலும் ஒலியலை நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாகப் பதியப்படுகிறது. நைக்விஸ்ட்-சானன் தேற்றத்தின்படி, மாதிரி வீதத்தின் பாதிக்குக் கீழுள்ள அதிர்வெண்களை முழுமையாக மீட்கலாம். எனவே எல்லை 22,050 ஹெர்ட்ஸ் ஆகும். மாந்தச் செவியின் உச்சம் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அது குறையும். எண்ணிம ஒலி படிக்கட்டுப் போல உடைந்து ஒலிக்கும் என்பது பரவலான, ஆனால் தவறான கருத்து. மாற்றியிலுள்ள வடிகட்டி வழவழப்பான தொடரலையையே வெளியிடுகிறது.

பிலிப்ஸ் நிறுவனத்தின் முதல் இயக்கிகளில் 14 பிட் மாற்றியே இருந்தது. மாதிரி வீதத்தை நான்கு மடங்காக்கி அக்குறையை ஈடுசெய்தனர். இன்று விலை குறைந்த மாற்றிகளும் 24 பிட் எண்களை ஏற்கின்றன.

உயர் மாதிரி வீதம் கேட்கத்தக்க வேறுபாட்டைத் தருமா என்பது நெடுநாள் விவாதம். மேயர், மோரன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவும் அதையே குறுந்தட்டுத் தரத்திற்குக் குறைத்த வடிவமும் ஒப்பிடப்பட்டன. 554 சோதனைகளில் 276 விடைகள் சரியாயிருந்தன. நாணயம் சுண்டினாலும் ஏறக்குறைய இதுவே கிடைக்கும். 18 ஆய்வுகளைத் தொகுத்து ஜோசுவா ரீஸ் 2016இல் கண்ட மதிப்பு 52.3 விழுக்காடு. பயிற்சி பெற்றோரிடம் அது உயர்ந்திருந்தது.

எண்ணிமப் பகுதியில் கவனிக்க வேண்டியவை

குறுந்தட்டின் தரவு வீதம் நொடிக்கு 1,411 கிலோபிட். அதை 128 கிலோபிட் எம்பி3 ஆகச் சுருக்கும்போது இழப்பு செவிக்குப் புலப்படலாம்; 2001இல் வெளியான ஃபிளாக் வடிவம் எதையும் இழப்பதில்லை. 16 பிட் கருவியில் ஒலியளவை எண்ணிம முறையில் 6 டெசிபெல் குறைத்தால் ஏறத்தாழ ஒரு பிட் துல்லியம் போகும். ஆதலால் ஒலியளவைப் பெருக்கியில் குறைப்பது நன்று. விலையுயர்ந்த எண்ணிமக் கம்பியால் பயன் அரிது. கம்பி எண்களை அழகுபடுத்துவதில்லை; சரியாகக் கொண்டுசேர்க்கும், அல்லது பிழையாக்கும்.

அறையும் ஒலிபெருக்கியும்

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 5 மீட்டர் நீள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 34 ஹெர்ட்ஸ் அளவிலும் அதன் மடங்குகளிலும் நிலையலைகள் தோன்றும். இவற்றால் ஓரிடத்தில் தாழ்சுருதி முழங்கும், சற்றுத் தள்ளி அமர்ந்தால் மறையும். ஒலிபெருக்கி பின்சுவரிலிருந்து 1 மீட்டர் தொலைவில் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேரலையுடன் மோதி 86 ஹெர்ட்ஸ் அருகே ஒலியைக் குறைக்கும். இத்தகைய ஏற்றத்தாழ்வுகள் 10 டெசிபெல்லையும் தாண்டக்கூடும். எந்த நல்ல மாற்றியிலும் இவ்வளவு பிழை இராது.

செலவில்லாத திருத்தம் இடமாற்றமே. இரு ஒலிபெருக்கிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைவது வழக்கம். கனமான திரைச்சீலை, கம்பளம், நூல் நிறைந்த அலமாரி ஆகியவை உயர் அதிர்வெண்களின் எதிரொலியைத் தணிக்கும். தாழ் அதிர்வெண்களை அவை பெரிதும் தடுப்பதில்லை.

ஒலிவாங்கியால் அறையை அளந்து குறிகையைத் திருத்தும் எண்ணிமக் கருவிகளும் உள்ளன. அவை நிலையலையின் மேடுகளை நன்கு குறைக்கும், ஆனால் பள்ளங்களை நிரப்ப இயலாது. அங்கு ஒலியை எவ்வளவு கூட்டினாலும் அதை அழிக்கும் எதிரலையும் அதே அளவு கூடிவிடும்.