தொட்டிக்குள் செம்பனை

பேராக்கில் பால்மரத்தின் கதை கோலகங்சாரில் தொடங்குகிறது. 1877இல் அங்கே நட்ட கன்றுகளின் மிச்சமாக ஒரு மரம் மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்னும் நிற்கிறது. மற்றபடி சுங்கை சிப்புட், கோப்பெங் என்று எந்தப் பக்கம் போனாலும், பழைய ரப்பர் தோட்டம் என்று சொல்லப்படும் இடத்தில் செம்பனை நிற்கும். இல்லையென்றால் வீடமைப்புத் திட்டம் வந்திருக்கும். அந்தச் செம்பனை நம் வண்டிக்குள்ளும் வந்துவிட்டது. 2019 பிப்ரவரி முதல் விற்கும் பி10 டீசலில் பத்தில் ஒரு பங்கு பாமாயிலிலிருந்து தயாரித்த மெத்தில் எஸ்டர். ஹைலக்ஸின் 80 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 8 லிட்டர் செம்பனைக் கணக்கு.

டீசல் வண்டியின் நோய் என்று பட்டறையில் பார்ப்பதில் பெரும்பகுதி இந்தத் தொட்டியிலிருந்தும் காற்றுக் குழாயிலிருந்தும் வருவதுதான். எஞ்சின் தானாகக் கெடுவது குறைவு. ஆனால் வண்டிக்காரருக்கு எஞ்சின் எண்ணெய் மாற்றும் தேதி மட்டும் நினைவிருக்கும். டீசல் வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

ஒரு காலத்தில் அது வராவிட்டாலும் பரவாயில்லை. ஈப்போவிலிருந்து வெளியூர் ஓடிய மெர்சிடிஸ் 200டி டாக்சிகளை ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1,988 சிசி, நான்கு சிலிண்டர், வெறும் 55 குதிரைசக்தி. காற்றை இருபத்தொன்றில் ஒரு பங்காக அழுத்திச் சூடேற்றி, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும்; தீப்பொறி வேண்டாம். டீசலைப் பீய்ச்சும் அழுத்தம் நூறு பாரைச் சற்றுத் தாண்டினால் போதும். கொஞ்சம் தூசி, கொஞ்சம் அழுக்கு எல்லாவற்றையும் அது விழுங்கிக்கொள்ளும். காலையில் கிளம்பாவிட்டால் பெரும்பாலும் குளோ பிளக். அந்தக் கால வயரிங்கில் நான்கும் ஒரே வரிசை. ஒன்று போனால் நான்கும் சூடேறாது. கண்டுபிடிக்கக் கணினி தேவைப்படவில்லை.

இன்று குடும்ப வண்டியாகிவிட்ட 2.4 லிட்டர் ஹைலக்ஸைப் பாருங்கள். 2,393 சிசியில் 150 குதிரைசக்தி, 400 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. இந்தச் சக்தி சும்மா வரவில்லை. காமன் ரெயில் அமைப்பில் அழுத்தம் 1,600 பார், புதியவற்றில் 2,000 பாருக்கும் மேல். அந்த அழுத்தத்தைத் தாங்க பம்பிலும் இன்ஜெக்டரிலும் உள்ள இடைவெளிகள் மைக்ரான் கணக்கில் இருக்கின்றன. அதற்குள் ஒரு துளி தண்ணீர் போனாலே உலோகம் அரிக்கத் தொடங்கும். 200டியை நடத்திய மாதிரி இதை நடத்த முடியாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நம் ஊர்க் காற்றிலிருந்தே வருகிறது. பாதி காலியான தொட்டியில் இரவு குளிர்ந்ததும் ஈரம் சுவரில் படியும். வெறும் டீசலைவிட பயோடீசல் ஈரத்தை அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் நுண்ணுயிர் வளர்ந்து பிசுபிசுப்பான கசடு உண்டாகும். இன்னொன்று, தொட்டிச் சுவரில் பல ஆண்டுகளாக ஒட்டியிருந்த அழுக்கை அது கரைத்து வடிகட்டிக்கு அனுப்பும். ஓடாமல் நிற்கும் வண்டிக்குத்தான் ஆபத்து அதிகம். வாரம் ஒருமுறை கோவிலுக்கு மட்டும் எடுக்கும் வண்டியின் தொட்டியை நிரப்பியே வையுங்கள். வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துக் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். மேலே டீசல் நிற்கும், தண்ணீர் இருந்தால் அடியில் தனிக் கோடாகத் தெரியும். சர்வீஸ் புத்தகம் சொல்லும் தூரத்தில் பாதியிலேயே வடிகட்டியை மாற்றிவிடலாம் என்பேன். இன்ஜெக்டர் விலையைக் கேட்டவர்கள் மறுக்க மாட்டார்கள்.

பாமாயில் குளிரில் உறையும் குணமுடையது. அதனால்தான் பி10 வந்தபோது கேமரன் மலை, கெந்திங், குண்டசாங் பகுதிகளுக்கு விலக்குக் கொடுத்து அங்கே பி7 விட்டார்கள். சமவெளியிலும் பி7 கிடைக்கிறது, லிட்டருக்கு 20 சென் கூடுதலாக. நிறைய ஓடும் வண்டிக்கு அது தேவையில்லை. நீண்ட நாள் நிற்கும் வண்டிக்கு யோசிக்கலாம்.

வண்டி ஐடிலில் ஏறி இறங்கித் தடுமாறுகிறதா, சிவப்பு விளக்கில் நின்றதும் அணைந்துவிடுகிறதா? டென்சோ பம்ப் உள்ள வண்டிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பம்பின் மேலிருக்கும் சக்‌ஷன் கண்ட்ரோல் வால்வு. அழுக்கு டீசலுக்கு முதலில் பலியாவது அதுதான். அதை மாற்றிப் பார்க்காமல் பம்பையே மாற்றச் சொல்லும் இடத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பழைய ஹைலக்ஸ் விகோவின் 2.5, 3.0 எஞ்சின்களில் வேறொரு வியாதி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இன்ஜெக்டரின் அடியில் ஒரு செப்பு வளையம் இருக்கிறது. அது சரியாக உட்காராவிட்டால் எரிந்த வாயு கசிந்து மேலே வரும். புகையாக வெளியே போனால் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அது வால்வு மூடிக்குள் புகுந்து எஞ்சின் எண்ணெயில் கரியைக் கலக்கிறது. அந்தக் கரி கீழே கார்ட்டரில் எண்ணெய் உறிஞ்சும் வலையில் அப்பிக்கொள்ள, பம்புக்கு எண்ணெய் வராமல் ஒரு நாள் பேரிங் பிடித்துக்கொள்ளும். காலையில் கிளப்பும்போது “சக் சக்” என்று கேட்டாலும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போல் கறுத்திருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். சில நூறு ரிங்கிட்டில் முடியும் வேலை, எஞ்சினையே தூக்கிவிட்டு ஹாஃப் கட் தேடி அலையும் அளவுக்கு வளர்ந்துவிடும்.

மிட்சுபிஷியின் 4டி56 எஞ்சினுக்குத் தண்ணீர்தான் எமன், அதுவும் ரேடியேட்டரில். ஒருமுறை கொதிக்கவிட்டால் சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழும். குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டும் பழக்கம் தோட்டத்து லோரியில் செல்லுபடியானது, இதில் ஆகாது. டைமிங் பெல்ட்டையும் பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சின்னது அறுந்து பெரியதில் சிக்கினால் வால்வு வளைந்துவிடும்.

புகை பற்றி எல்லாருக்கும் தெரியும்: கறுப்பு என்றால் காற்று போதவில்லை, நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது, வெள்ளை நிற்காமல் வந்தால் எரியாத டீசல் அல்லது கசியும் கூலண்ட். கறுப்புக்கு அஞ்சி உடனே இன்ஜெக்டர் கழற்றுபவர்கள் முதலில் டர்போ ரப்பர் குழாயைத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு விரற்கடைக் கிழிசல் போதும். சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வரை ஏறிப் போனவர்கள், நிறுத்தியதும் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் ஓட விடுங்கள். கொதிக்கும் டர்போவில் எண்ணெய் அப்படியே நின்றால் கரியாகிவிடும்.

வெளியேற்றக் குழாயில் கரி வடிகட்டி உள்ள புது வண்டிகளுக்கு இதற்கு நேரெதிரான சிக்கல். பெரிய சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடினால் அது சூடாகாது. ஏறக்குறைய 600 டிகிரியில்தான் அந்தக் கரி எரியும். நெடுஞ்சாலையில் தைப்பிங் வரை ஒருமுறை போய்வந்தால் பல நேரங்களில் விளக்கு அணைந்துவிடும்.

2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறியது. தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை வந்தது. வந்தாலும் செலவைக் குறைக்க முதலில் கைவைப்பது சர்வீஸில்தான். விற்கவும் பலர் முன்வந்தார்கள். அப்படி விற்பனைக்கு வரும் வண்டியை வாங்கப் போகிறவர்கள், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே போக வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். கிளப்பிய பின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து புகை எவ்வளவு அடிக்கிறது என்று பாருங்கள், டிப்ஸ்டிக்கில் எண்ணெய் அளவுக்கு மேல் ஏறியிருந்தால் டீசல் இறங்குகிறது என்று அர்த்தம். எண்ணெய் கறுப்பாக இருப்பதைக் குறையாகச் சொல்லி விலை பேசாதீர்கள். டீசல் எஞ்சினில் புது எண்ணெயும் சீக்கிரமே கறுத்துவிடும்.